வெள்ளை ஓடிய பலகை

வைகாசி பிறந்துவிட்டால் குற்றாலத்துக் கடைக்காரர்கள் மேற்கே மலையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். மஞ்சுவும் பார்ப்பாள். ஐந்தருவிக்குப் போகிற சாலையில் அவள் வீட்டு முன்னறைதான் கடை. காலையில் இட்லியும் ஆப்பமும், மதியம் சோறும் சொதியும் அவியலும். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு பசித்து வருகிறவர்களுக்கு ஆக்கிப் போட்டுத்தான் அந்தக் குடும்பம் நடந்தது. சாரல் விழுந்தால் சோறு. அதனால் மலையில் மேகம் இறங்குகிறதா என்று எல்லோரையும் போல அவளும் பார்ப்பாள்.

அந்த வருஷம் அவள் பார்த்ததற்குக் காரணம் வேறு. மழை வருவதற்குள் கொல்லைப்புறத்தைச் சரிசெய்தாக வேண்டும்.

அடுப்படிக் கதவைத் திறந்தால் நிலம் ஓடையை நோக்கிச் சரிந்துபோகும். இடையில் பெரிய பெரிய பாறைகள், பழைய கல்லுக்கட்டு ஒன்று, அதற்குக் கீழே ஓடை. கதவுக்கும் கல்லுக்கட்டுக்கும் நடுவில் துருவேறிய இரும்புச் சட்டம் மட்டும் நின்றது. அதில் இற்றுப்போன பலகைகள் சில தொங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கதவைத் தாழ் போட்டு ஒரு வருஷத்துக்குப் பக்கம் ஆகிவிட்டது.

அவள் புருஷன் பாண்டிக்கு ராயகிரி. வெள்ளாமைக் குடும்பத்தில் பிறந்து பட்டாளத்துக்குப் போனவன். பாலம் போடுகிற பிரிவில் இருந்தான். காஷ்மீரில் பல வருஷம் கிடந்தான். பென்சன் வாங்கிக்கொண்டு வந்து, தென்காசிப் பக்கம் ஒரு மில்லில் செக்யூரிட்டி வேலை பார்த்தான். ஒருநாள் வேலை முடிந்து வண்டியில் வரும்போது இலஞ்சி விலக்கில் லாரி தட்டிவிட்டது. உயிர் தப்பினான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. பல மாதம் படுக்கையில் கிடந்து அப்புறம் சக்கர நாற்காலிக்கு வந்தான்.

நாற்காலிக்கு வந்த பிறகு அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஓடைப் பக்கம் போய்ச் சாரலில் உட்கார வேண்டும். அந்தச் சரிவில் சக்கரம் இறங்காது. மஞ்சுவின் தம்பி மாடன் பண்பொழியில் இருந்தான். தச்சுவேலை நன்றாகத் தெரிந்தவன். இரும்புச் சட்டம் அடித்து, மேலே பைன் பலகை பரப்பி, அடுப்படி வாசலின் மட்டத்துக்கே ஒரு தளம் போட்டுக் கொடுத்தான். அந்த வருஷச் சாரல் முழுக்கப் பாண்டி அங்கேதான் இருந்தான். கடைக்கு வருகிறவர்களைக்கூட அங்கே வரச்சொல்லிப் பேசிக்கொண்டிருப்பான். அவன் சிரித்ததை மஞ்சு விபத்துக்குப் பிறகு அப்போதுதான் கேட்டாள்.

அடுத்த வருஷம் சீசன் தொடங்குகிற நேரம். அவள் அடுப்படியில் சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தாள். வெளியே மடக்கென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் பலகை உள்வாங்கி, நாற்காலி கவிழ்ந்து, பாண்டி கீழே பாறையில் கிடந்தான். "ஒண்ணுமில்ல மஞ்சு, வலிக்கல" என்றான். அவனுடைய இடது தொடை மடங்கக்கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. அது அவனுக்குத் தெரியவில்லை. அவள் பார்த்துத்தான் அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த மாடனை அவள் பாண்டி கிடந்த அறையின் வாசலிலேயே நிறுத்தினாள். இற்றுப்போற மரத்தை அடித்து என் புருஷனைக் குழியில் தள்ளினாய், இனி என் வாசலில் நிற்காதே என்றாள். மாடன் தலையைக் குனிந்து நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் நின்றதே குற்றத்தை ஒத்துக்கொண்டது போல அவளுக்குப் பட்டது. தை மாதம் மாடனின் மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். அத்தைக்காரி அவள். போகவில்லை.

தொடை எலும்பு கூடியது. ஆனால் பாண்டி ஒடுங்கிவிட்டான். கடைக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பான், தேங்காய் துருவுவான். ஓடையைப் பார்க்கலாமா என்று யாராவது கேட்டால், அந்தக் கதவு திறக்காது என்பான். மறுபடி தளம் போடலாம் என்று அவள் எடுத்தாலே, வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

அவள் விடவில்லை. கட்டட வேலை பார்க்கிற ஒருவரைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, சிமிண்டுத் தளம் போட்டால் கல்லுக்கட்டு சரிந்துவிடும், அதோடு சாரலில் பாசி பிடித்து வழுக்கும் என்றார். இரும்புச் சட்டம் இன்னும் தாங்கும், ஆனால் மேலே போடுகிற மரம் கனமில்லாததாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். கனமும் கூடாது, மழையில் இற்றும் போகக்கூடாது. அப்படி என்ன மரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. செங்கோட்டையில் மரக்கடை வைத்திருக்கும் முகம்மது கனிக்குப் போன் போட்டாள். சீசனில் குடும்பத்தோடு வந்து அவள் கடையில் சாப்பிடுகிறவர். நேரில் வந்து பாருங்க தங்கச்சி, முடிஞ்சா அண்ணாச்சியையும் கூட்டிட்டு வாங்க என்றார்.

பாண்டி வரமாட்டேன் என்றான்.

"சரி. நானே பாத்து எடுக்கேன். எனக்கு மரமும் தெரியாது, மட்டையும் தெரியாது. நான் எதை எடுக்கனோ அதுமேலதான் உங்களை உருட்டிட்டுப் போவேன்" என்றாள்.

அவன் வெங்காயத் தட்டைத் தள்ளி வைத்தான். அப்புறம் ஆட்டோ ஓட்டுகிற நாசரைக் கூப்பிடச் சொன்னான்.

கனி பாயின் மரக்கடை மதுரை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. முற்றம் முழுக்கத் தடி. தேக்கு, கோங்கு, வேங்கை எல்லாம் அடுக்கிக் கிடந்தன. உள்ளே ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. மரத்தூள் மணம் ரோட்டுக்கே வந்தது. நாசரும் கடை ஆளும் பாண்டியைத் தூக்கி நாற்காலியில் வைத்தார்கள். கனி பாய் ரம்பத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார்.

"கோங்கு இருக்கு, வேங்கை இருக்கு. மழைக்கெல்லாம் அசையாது. ஆனா உங்க கல்லுக்கட்டு கனம் தாங்காதுங்கிய. அப்பம் சாஃப்ட்வுட்டுதான் பாக்கணும்" என்றார்.

சாஃப்ட்வுட் என்றால் மெத்தென்று இருக்குமோ என்று மஞ்சு கேட்டாள். பேர்தான் அப்படி, இலை ஊசியா இருக்கிற மரம் அம்புட்டையும் அப்படிச் சொல்லுதது, அதுல நல்லதும் உண்டு சொத்தையும் உண்டு என்று கனி பாய் விளக்கினார். எஸ்டேட்டில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் கூடக் கனமில்லாததுதான், ஆனால் அது இந்தச் சாதியே இல்லை, மழையில் போட்டால் காளான் பூத்துவிடும் என்றார். பிறகு லேசாகப் பச்சை ஓடிய பலகை ஒன்றை இழுத்துக் காட்டினார். மருந்து ஏற்றிய பைன். மருந்து இறங்கின மட்டும்தான் அதற்கு உயிர், அறுக்கிற முனைக்கெல்லாம் திரும்பத் திரும்பப் பூச வேண்டும்.

மஞ்சு யோசித்தாள். பங்குனி, சித்திரை வெயிலில் அந்தத் தளத்தில்தான் அவள் கூழ்வத்தலும் மோர்மிளகாயும் காயவைப்பாள். மருந்து போட்ட மரம் வேண்டாம் என்றாள். மரம் தன்னால் நிற்க வேண்டும்.

கனி பாய் அடுத்து ஒரு சிவப்புப் பலகையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். தூக்கினால் ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. கனடா சீடார், மழைக்கும் நிற்கும், செல்லும் அரிக்காது என்றார். அவளுக்குப் பிடித்திருந்தது. பாண்டி கையை நீட்டி அதை வாங்கிக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினான். கோடு விழுந்தது.

"சேர் சக்கரம் குறுகலா இருக்கும். இதுல தடம் விழுந்து தடத்துல தண்ணி நிக்கும்" என்றான். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

கனி பாய் அவனை நிமிர்ந்து பார்த்தார். கடைசிக் கொட்டகைக்குப் போய் ஒரு தார்ப்பாயை விலக்கினார். புனலூர்ப் பக்கம் ஒருத்தர் வீட்டுக்கு வடக்கேயிருந்து வரவழைத்த மரம், வேலை முடிந்து மிச்சம் கிடக்கிறது, ஒருத்தரும் கேட்கவில்லை என்றார். தார்ப்பாய் விலகினதும் ஒரு வாசனை வந்தது. சாம்பிராணியும் எண்ணெயும் கலந்தது மாதிரி. பாண்டி தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு கிட்டே போனான்.

"தேவதாருல்லா" என்றான்.

காஷ்மீரில் ஆற்றுக்குள்ளேயே இதை நட்டுவைத்துப் பாலம் கட்டியிருப்பார்கள், தண்ணீரிலேயே கிடந்தும் நிற்கும், மரத்திலேயே எண்ணெய் இருக்கிறது, அதற்கு வேறு மருந்து வேண்டாம் என்று சொன்னான். சொல்லும்போது பலகையைத் தடவிக்கொண்டே இருந்தான். சீடாரை விடக் கெட்டி, கோங்கு அளவுக்குக் கனம் கிடையாது. கல்லுக்கட்டு தாங்கும் என்றான். மஞ்சு அவன் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் அழுதுவிடலாம் போல இருந்தது அவளுக்கு. அடக்கிக்கொண்டாள்.

"ஆனா பாத்துத்தான் பொறுக்கணும் பாய். மிச்சம்னா வெள்ளையும் சேந்துதான் கெடக்கும்."

"நீங்களே பொறுக்குங்க அண்ணாச்சி. நான் ஆளைத் தாரேன்."

கடை ஆளும் நாசரும் பலகையை ஒவ்வொன்றாகத் தூக்கி அவனுக்கு முனையைக் காட்டினார்கள். நடுமரத்தில், அதாவது வைரத்தில், எடுத்தது செம்மண் நிறத்தில் இருந்தது. மேல்மரத்தில் எடுத்தது வெளிறிக் கிடந்தது. அந்த வெள்ளைதான் முதலில் இற்றுப்போகும், எந்த மரமானாலும் அப்படித்தான் என்று நாசருக்கு அவன் சொல்லிக்கொண்டிருந்தான். அப்புறம் முனையைக்கூட அவன் கேட்கவில்லை. தூரத்தில் தூக்கும்போதே சொல்லிவிட்டான். இது வைரம், இந்தப் பக்கம் வை. அது வெள்ளை, விடு. இது ஓரத்துல வெள்ளை ஓடுது, அறுத்துத் தள்ளிட்டா ஆகும்.

மஞ்சு ஒரு தடிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் சந்தோஷமாகத்தான் பார்த்தாள். வைரப் பக்கம் பலகை உயர உயர அவளுக்குள் வேறென்னவோ ஓடியது. முன்னே மாடன் வேலை செய்தபோது இதே மனுஷன் அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பலகையும் தன் காலடியில் வந்து விழுவதைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தான். அவள்தான் அவனுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

கனி பாய் டீ சொல்லப் போனார். அவள் எழுந்து பாண்டியிடம் போனாள்.

"ஏங்க. இம்புட்டுத் தூரத்துல இருந்தே வெள்ளை எது, வைரம் எதுன்னு தெரியுது உங்களுக்கு."

"அதுலதான பொழப்பு நடந்துச்சு."

"அப்பம் மாடன் அடிச்ச பலகை?"

அவன் கை பலகைமேல் அப்படியே நின்றது. நாசர் பேச்சின் போக்கைப் புரிந்துகொண்டு தள்ளிப் போனான்.

"முழுக்க வெள்ளை" என்றான் பாண்டி.

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சாமான் பெட்டியாக வந்து, பிரித்து விற்கிற பைன் அது. கட்டவிழ்த்தபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. மாடனிடம் சொல்லவும் செய்தான். மாடன் பதறிப்போய், வேலையை நிறுத்துகிறேன், நல்ல மரம் வந்ததும் போடலாம் என்றான். நல்ல மரத்துக்குச் சொல்லிவைத்து, அறுத்து, காயவைத்து வர இரண்டு மாதம் ஆகும். அதற்குள் சாரல் முடிந்துவிடும். அடிலே மாடா, இந்த ஒரு வருஷம் நின்னா போதும், அடுத்த வருஷம் மாத்திக்கிடலாம் என்று பாண்டிதான் அடிக்கச் சொன்னான். மாற்றுவதற்கு முன்னால் அது முந்திக்கொண்டது.

"ஆஸ்பத்திரியில அவனை அம்புட்டுப் பேச்சுப் பேசுனேன். நீங்க கட்டில்ல கெடந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்திய?"

"கேட்டேன்."

"அதுக்கப்புறம் ஒரு வருஷமா வீட்ல வச்சு ஏசுனேன். அதையும் கேட்டிய."

"உன் கோவம் எம்பக்கம் திரும்பிருமோன்னு பயந்துட்டேன் மஞ்சு. திரும்பிச்சுன்னா நான் எங்கன போவேன்" என்றான்.

அவள் கத்தவில்லை. டீயோடு வந்த கனி பாயிடம், பொறுக்கினதை எடுத்து வைங்க, ஆளை அனுப்புதேன் என்றாள். பாண்டி ஆட்டோவில் ஏறினதும் நாற்காலியை மடக்கிப் பின்னால் வைத்தாள். நாசர் குற்றாலம் பக்கம் திருப்பப் போனான்.

"பண்பொழிக்குப் போங்க" என்றாள்.

வழியெல்லாம் அவள் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். வயலில் நாற்றுப் பாவியிருந்தார்கள். திருமலைக்கோயில் மலைமேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பாண்டி இரண்டு தடவை அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை.

மாடன் வீட்டு வாசலில் கதவுச் சட்டம் ஒன்றை வைத்து இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தான். அக்காளைப் பார்த்ததும் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். முதலில் அவன் கேட்டது, "அத்தானுக்கு என்னமும் ஆயிட்டா?" என்றுதான்.

"ஒண்ணும் ஆகல. ஆட்டோவுல இருக்காக." அதற்கு மேல் எப்படித் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "பலகை வெள்ளைன்னு அவுகளே உங்கிட்டச் சொன்னாகளாம். அடிக்கச் சொன்னதும் அவுகதானாம். எங்கிட்ட ஏன் சொல்லல நீ?"

மாடன் கையில் ஒட்டியிருந்த மரச்சுருளைத் தட்டிவிட்டான்.

"அடிச்சது எங்கையிதான அக்கா. அத்தான் சொன்னாலும் நான் அடிச்சிருக்கக் கூடாது."

"நான் அதைக் கேக்கல."

"சொன்னா நீ அவுகள ஏசுவ. எனக்கு வேலை இருக்கு, வடிவு இருக்கா, பிள்ள இருக்கு. நாலு பேர்ட்டப் பேசுவேன். அவுகளுக்கு அந்த வீட்டுக்குள்ள நீ மட்டுந்தான இருக்க. நீயும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா அவுக என்ன செய்வாக?"

அவள் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாடன் அவளைத் தாண்டி ஆட்டோவுக்குப் போனான். பாண்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னான். மாடன் தலையை ஆட்டி, விடுங்க அத்தான், மரம் பாத்தாச்சா என்று கேட்டது அவள் காதில் விழுந்தது. தேவதாரு என்றான் பாண்டி. அதை எந்த ஆணியில் அடிப்பது, துரு ஏறுமா, திருகாணி போடலாமா என்று இருவரும் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஒரு வருஷம் இரண்டு வீட்டையும் பிரித்துப் போட்ட விஷயம் ஆண்கள் இருவருக்கும் அதோடு முடிந்துபோயிற்று. அது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மாடன் பொண்டாட்டி வடிவம்மாள் உள்ளேயிருந்து கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். "குடிங்க மதினி" என்றாள். முகம் கொடுக்கவில்லை.

"காதுகுத்துக்கு வரல நான்" என்றாள் மஞ்சு.

"அத்தை வந்துரும், வந்துரும்னு ஆசாரியை உக்கார வச்சிருந்தோம். பிள்ள வெயில்ல அழுதுட்டு. பொறவு எங்க அண்ணன் மடியில வச்சுக் குத்துனோம்" என்றாள் வடிவம்மாள். கோபமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். மஞ்சு காப்பியைக் குடித்து முடிக்கும் வரை வடிவம்மாள் நிலையில் சாய்ந்து நின்றாள். டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் தூங்குகிற பிள்ளையைத் தூக்கிவந்து மஞ்சுவின் மடியில் கிடத்தினாள்.

அடுத்த வாரம் வேலை தொடங்கியது. மாடன் இரும்புச் சட்டத்தைச் சுரண்டித் துருவெடுத்துப் பெயிண்டு அடித்தான். பலகை ஓரத்தில் ஓடிய வெள்ளையைக் கோடு போட்டு அறுத்துத் தள்ளினான். பாண்டி வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பலகையும் தன்னைத் தாண்டும்போது நிறுத்திப் பார்த்தான். இரண்டைத் திருப்பி அனுப்பினான். பலகைக்குப் பலகை விரல் கனத்தில் சந்து விட்டு, தண்ணீர் நிற்காமல் கீழே இறங்குகிற மாதிரி, துருப்பிடிக்காத திருகாணி வைத்து முடுக்கினார்கள். அந்த வாசனை அடுப்படி முழுக்க நிறைந்திருந்தது. சாப்பிட வந்தவர்கள், வீட்டில் என்ன பூஜையா என்று கேட்டார்கள்.

மதியம் தம்பிக்குப் பிடித்த கூட்டாஞ்சோறு ஆக்கினாள். முருங்கைக்கீரை போட்டு, மேலே வத்தல் பொரித்து வைத்தாள். புருஷனுக்கும் போட்டாள். சோறு வேணுமா, மருந்து சாப்பிட்டாச்சா என்பதற்கு மேல் அவனோடு பேசவில்லை. ஒருநாள் அவன், எவ்வளவு நாளைக்கு இப்படி என்று கேட்டான்.

"நீங்க மழையில உக்காரணும்னு ஆசைப்பட்டியல்லா, அதுக்கு எனக்குக் கோவம் இல்ல. எனக்கும் அன்னைக்குத் தெரிஞ்சிருந்தா அடின்னுதான் சொல்லிருப்பேன். எங்கிட்ட மறைச்சுட்டு என் தம்பியை ஏசவிட்டு, பக்கத்துல இருந்து கேட்டுக்கிட்டு இருந்தியல்லா. அது ஆறட்டும்" என்றாள்.

அவன் சரி என்றான். அதற்குப் பிறகு அவளை அவசரப்படுத்தவில்லை.

கடைசித் திருகாணியை முடுக்கினது ஆனி பிறந்த பிறகு. மத்தியானம் வரை வெயில் அடித்தது. அப்புறம் மலை மறைந்தது. காற்றோடு பூந்தூறலாகச் சாரல் இறங்கி ஓடை மேலே வெள்ளையாக நின்றது. மாடன் உளியையும் மட்டத்தையும் பையில் போட்டுக்கொண்டு, "முடிஞ்சுட்டு அக்கா. அத்தானைக் கொண்டா" என்றான்.

பாண்டி சக்கரத்தில் கை வைத்தான். ஆனால் உருட்டவில்லை. வாசல் நிலைக்கும் முதல் பலகைக்கும் நடுவில் உள்ள இடைவெளியையே பார்த்தான். மஞ்சு அதைக் கவனித்தாள்.

"இருங்க" என்று சொல்லிவிட்டு, சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு அவனைத் தாண்டி வெளியே போனாள். முதல் பலகையில் ஏறி நின்று இரண்டு காலாலும் எகிறிக் குதித்தாள். அடுத்ததிலும் குதித்தாள். குதிகாலை ஓங்கி மிதித்தாள். நடுவில் மிதித்தாள், ஓரத்தில் மிதித்தாள், சட்டத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் பலகை தொங்குகிற இடமாகப் பார்த்து மிதித்தாள். கல்லுக்கட்டு வரைக்கும் ஒரு பலகை விடாமல் மிதித்துப் போனாள். மூச்சு வாங்கியது. தலையெல்லாம் நனைந்து முகத்தில் வழிந்தது. திரும்பி வரும்போதும் மிதித்துக்கொண்டே வந்தாள். பலகை எங்கேயும் அசையவில்லை.

வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்று கைப்பிடியைப் பிடித்தாள்.

"இப்பம் போலாம்" என்றாள்.

சக்கரம் நிலையைத் தாண்டும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டான். கல்லுக்கட்டுக்குக் கிட்டே போய் நிறுத்திச் சக்கரத்தைப் பூட்டினாள். சாரல் அவன் நெற்றியிலும் தாடியிலும் பொடிப்பொடியாக ஒட்டியது. அவன் கண்ணைத் திறந்தான். கையைப் பின்னால் நீட்டினான். அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. ஆனால் தள்ளிவிட்டுப் போகவும் இல்லை. கைப்பிடியிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"செத்த நேரம் நில்லு மஞ்சு" என்றான்.

முன்னறையிலிருந்து யாரோ, "அக்கா, சாப்பாடு இருக்கா?" என்று குரல் கொடுத்தார்கள். நாலைந்து பேர் குளித்துவிட்டு வந்த சத்தம் கேட்டது. மாடன் அவளைப் பார்த்தான்.

"இருக்கு. உக்காரச் சொல்லு. வாரேன்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, அவள் அங்கேயே நின்றாள்.